மிஞ்சிய சோறும் குழம்பும்: அடுப்பை அணைத்ததிலிருந்து மறுநாள் தட்டுக்கு வரும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று பத்து பேரைக் கேட்டுப் பாருங்கள், அதில் சிலராவது "நேற்று வைத்ததைத்தான் சுட வைத்துச் சாப்பிட்டேன்" என்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டுச் சமையல் என்றாலே ஒரு நாள் புதிதாக வைப்பது, அடுத்த நாள் வைத்ததைச் சமாளிப்பது என்றுதான் ஓடும். ஆனால் சமையல் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் எல்லாமே "சூடாகப் பரிமாறவும்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? அங்கிருந்துதான் இந்த வழிகாட்டி ஆரம்பிக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய சாப்பாடு நாளைக்கு நன்றாக இருக்குமா, வயிற்றைக் கெடுக்குமா என்பது நாளைக்கு அதை எவ்வளவு நேரம் கொதிக்க விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அடுப்பை அணைத்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது

சாப்பாட்டின் வழியாக நோயை உண்டாக்கும் கிருமிகள் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் வேகமாகப் பெருகும். அதற்கு மேலே போனால் சாக ஆரம்பிக்கும், கீழே போனால் மந்தமாகிவிடும். அதனால்தான் சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறையே 32 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதான் நன்றாக வேக வைத்தாயிற்றே, எல்லாம் செத்திருக்குமே" என்று கேட்கலாம். எல்லாம் சாகாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அரிசியோடேயே வருகிறது, வித்து வடிவத்தில் இருக்கும்போது கொதிநீரையும் தாங்கிக்கொள்கிறது. சோறு ஆறிக் கதகதப்பாக இருக்கும்போது அந்த வித்து முளைத்து, பெருகி, ஒரு நஞ்சை விடுகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. மறுநாள் வாணலியில் எவ்வளவு புரட்டினாலும் பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணியிலிருந்து ஐந்தாறு மணி நேரத்துக்குள் வாந்தி வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். பெரிய அண்டாவில் செய்த கறிக்குழம்பு, கெட்டியான கிரேவி போன்றவற்றில் வேறொன்று, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அதுவும் வித்து போடும் இனம், 43 டிகிரிக்கு மேலே அதற்கு வசதியான சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். மூடி போட்ட பெரிய பாத்திரத்தின் நடுவில் அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கடம், மூக்கை நம்ப முடியாது. ஊசிப்போன வாடையை உண்டாக்குவது ஒரு கூட்டம், நோயை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு கூட்டம். வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள், சரி. வாடை இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது.

படி 1: பரிமாறும் முன்பே பிரித்து எடுங்கள்

இரண்டு பேருக்கு ஐந்து பேர் அளவு சமைத்திருக்கிறீர்கள் என்றால், மொத்தப் பாத்திரத்தையும் மேசைக்குக் கொண்டு போகாதீர்கள். இப்போது வேண்டியதை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீதியை அப்போதே தனியாக வையுங்கள். பேச்சு, போன், டிவி என்று மேசையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது, அது முழுவதும் கணக்கில் சேர்கிறது. வாயில் வைத்த கரண்டி, எச்சில் கை எதுவும் அந்த மீதியில் படவும் கூடாது.

நாளைக்கும் வேண்டும் என்று திட்டமிட்டே கூடுதலாகச் சமைக்கிறீர்களா? அப்படியானால் அடிப்படைப் பொருளை வெறுமையாக வைத்திருங்கள் என்பேன். உப்பு மட்டும் போட்டு வேக வைத்த பருப்பு, உருளைக்கிழங்கு, கோழி, வெறும் சோறு எல்லாம் நாளைக்கு எந்தப் பக்கமும் திரும்பும். மசாலாவும் புளிப்பும் ஏறிய குழம்பு நாளைக்கும் அதே குழம்புதான். கொத்தமல்லி போன்ற பச்சை இலை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை மொத்தப் பாத்திரத்தில் கலக்காமல் அன்றன்றைய தட்டில் போட்டால் மறுநாள் சாப்பாட்டில் பழைய களை தெரியாது.

படி 2: ஆறவைப்பது

இதுதான் முக்கியமான படி, ஆனால் எல்லோரும் "அப்படியே இருக்கட்டும், காலையில் எடுத்து வைக்கலாம்" என்று விடுவதும் இதைத்தான்.

ஐந்து லிட்டர் பாத்திரம் நிறையக் கெட்டிக் குழம்பு இருக்கிறது, மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டீர்கள். மேலே தொட்டுப் பார்த்தால் ஆறியது போலத்தான் இருக்கும், நடுவில் கரண்டியை விட்டுக் கிளறினால் ஆவி வரும். சோறு, மசித்த கிழங்கு போன்ற கெட்டியான பொருட்களில் சூடு உள்ளிருந்து மெதுவாக நகர்ந்துதான் வெளியே வரவேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆற எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெரியது என்பதை விட, உணவு எவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

சோற்றுக்கு: ஒரு அகலமான தட்டில் அல்லது ட்ரேயில் கொட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள், முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டால் போதும். முதலில் குபுகுபுவென்று ஆவி போகும், அப்புறம் மேலே இருக்கும் பருக்கைகளின் பளபளப்பு மங்கும், ஓரத்தில் இருப்பவை தொட்டால் விரலில் ஒட்டாது. அடியில் கையை வைத்துப் பாருங்கள், தட்டு கதகதப்பாக மட்டும் இருந்தால் அப்போதே டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடலாம். முழுவதும் குளிரக் காத்திருக்க வேண்டாம். சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் அனுப்பப் பாருங்கள்.

குழம்பு, சூப் வகைக்கு: ஆழமான பாத்திரத்திலிருந்து அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு மாற்றுங்கள், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அவசரம் என்றால் சிங்க்கை அடைத்துக் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் நிரப்பி, அதில் பாத்திரத்தை இறக்கிவிட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கிளறாமல் விட்டால் ஓரம் மட்டும் ஆறும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றிவிடுங்கள். பெரிய கறித் துண்டு என்றால் வெட்டித் தனித்தனியாக ஆறவிடுங்கள். ஆறும் வரை மூடியை முழுதாக இறுக்க வேண்டாம், சற்றே சாய்த்து வைத்தால் ஆவி போகும், தூசியும் விழாது.

"சூடாக உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும்" என்ற பேச்சு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அண்டாவோடு வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும் என்பது உண்மை. ஆனால் ஆழமில்லாத சிறு டப்பாவில் கதகதப்பாக இருக்கும் உணவை வைப்பதால் ஒன்றும் ஆகாது. சுற்றிலும் காற்று போக இடம் விட்டு வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதை நன்றாகக் குளிர்ந்த பிறகு செய்துகொள்ளலாம்.

படி 3: டப்பாவும் இடமும்

மூடி இறுகும் டப்பா, மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப், அதில் என்ன பொருள், என்றைக்குச் செய்தது. அவ்வளவுதான். தேதி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம், ஆனால் "இது செவ்வாய்க்கிழமை வைத்ததா, அதற்கு முந்தைய வாரமா" என்ற விவாதம் அதோடு தீர்ந்துவிடும். முடிந்தால் உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாக வாங்குங்கள். கண்ணில் படாத உணவு யாருக்கும் ஞாபகம் வராது, கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கவேண்டும். திருகும் குமிழில் 1, 2, 3 என்று இருப்பது டிகிரி இல்லை. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விட்டு, காலையில் பாருங்கள், நிஜ நிலவரம் தெரிந்துவிடும். கதவுத் தட்டுதான் அடிக்கடி சூடேறும் இடம், அங்கே மிஞ்சிய சாப்பாடு வேண்டாம். சமைத்தது மேலே, பச்சை இறைச்சியும் மீனும் கீழே, ஏனென்றால் சொட்டினால் கீழேதான் சொட்டும்.

படி 4: எத்தனை நாள்

மிஞ்சிய சமைத்த உணவு மொத்தத்துக்கும் 3 முதல் 4 நாள் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. சோற்றுக்கு மட்டும் பிரிட்டனின் உணவுத் தர முகமை 24 மணி நேரம் என்று கறாராகச் சொல்கிறது, நான் அந்தப் பக்கம்தான். சோறு மலிவானது, அதற்காகத் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை. அவித்த முட்டை ஒரு வாரம் தாங்கும், உரிக்காமல் வைத்தால் வாடையும் பரவாது. அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைத் தாளோடு வெளியே விடவே கூடாது. காற்றுப் புகாத அந்தக் கதகதப்பு, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு ரொம்பவே பிடிக்கும். வீட்டில் எண்ணெயில் ஊறப்போட்ட பச்சைப் பூண்டையும் அதே காரணத்துக்காக வெளியே வைக்காதீர்கள்.

வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் யாராவது இருந்தால் இந்தக் கணக்கை இன்னும் சுருக்கிக்கொள்ளுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து. அவர்களுக்குக் கொடுப்பதை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்கவேண்டும்.

படி 5: ஃப்ரீசருக்கு எது போகலாம்

நான்காம் நாள் யோசித்துப் பயனில்லை, இந்த வாரம் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, அதனால் உணவு கெடாது, ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ருசி போய்விடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் சூப் டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

பருப்பு, கறிக்குழம்பு, சூப், சோறு, ரொட்டி எல்லாம் நன்றாக உறையும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும், வெந்த உருளைக்கிழங்குத் துண்டு நீர்விட்டு நொறுங்கும், வெள்ளரி, லெட்டூஸ் எல்லாம் கூழ்தான். தயிரோ க்ரீமோ சேர்த்த குழம்பு பிரிந்து போகலாம், அதைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து உறைய வைப்பது புத்திசாலித்தனம். உறைந்ததை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு இறக்குங்கள், சமையல் மேடையில் நாள் முழுக்க விடாதீர்கள்.

படி 6: சூடாக்குவது

வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், ஒரே ஒரு தடவை. மொத்தத்தையும் சூடாக்கி மறுபடி உள்ளே வைத்தால், ஒவ்வொரு தடவையும் அந்த 60-லிருந்து 5 வரையிலான பாதையை அது திரும்பக் கடக்கிறது.

இலக்கு 74 டிகிரி, அதுவும் நடுவில். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் குழம்பு, சூப் வகை நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் அணைத்துவிடுவது கணக்கில் சேராது. கெட்டியாக இருந்தால் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடியிலிருந்து கிளறுங்கள். மெதுவாக வேக வைக்கும் ஸ்லோ குக்கரில் மீதியைச் சூடாக்க வேண்டாம், அது கிருமிக்குப் பிடித்த சூட்டில் மணிக்கணக்காக நிற்கும்.

மைக்ரோவேவ் என்றால் அலை உணவுக்குள் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நேராகப் போகும், அதையும் தாண்டி உள்ளே இருப்பது பக்கத்துச் சூட்டில்தான் சூடாக வேண்டும். குவியலாக வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். தட்டில் நடுவில் குழி விட்டு வளையமாகப் பரப்புங்கள், மூடி போடுங்கள், பாதியில் நிறுத்திக் கிளறுங்கள், முடிந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். அவித்த முட்டையை முழுதாக உள்ளே வைக்காதீர்கள், வெடித்துவிடும், அதுவும் சில சமயம் வெளியே எடுத்து வாயில் வைக்கும்போது வெடிக்கும்.

குளிர்ந்த சோறு ஏன் விறைக்கிறது என்று பலர் கேட்பார்கள். வெந்தபோது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரில்தான் இது வேகமாக நடக்கும், ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும். ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறட்டிபோல ஆவதற்கும் இதுவே காரணம், எனவே ரொட்டி வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் ஃப்ரீசருக்குப் போகட்டும். விறைத்த சோற்றில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி போட்டு ஆவியில் சூடாக்கினால் திரும்ப இளகிவிடும்.

இறைச்சிக்கு வேறு பிரச்சினை. ஒரு நாள் வைத்த கோழியைச் சூடாக்கும்போது ஒரு மாதிரி அட்டைப்பெட்டி வாடை வருமே, அது கெட்டுப்போன வாடை இல்லை, கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறியதால் வருவது. குழம்புக்குள் மூழ்கி இருந்த துண்டில் இது குறைவு, வறுத்து உலர்ந்த துண்டில் அதிகம். அதனால் மிஞ்சிய வறுத்த கோழியைப் பிய்த்துக் குளிராகவே ரொட்டிக்கு நடுவில் வைப்பதோ, ஏதாவது சாற்றில் போட்டுச் சூடாக்குவதோதான் நல்ல வழி.

படி 7: வேறு சாப்பாடாக மாற்றுவது

மறுநாள் சாப்பாடு சலிப்பதற்குக் காரணம் பொருள் பழையது என்பதை விட, கடிக்கும்போது எல்லாமே ஒரே மாதிரி மெத்தென்று இருப்பதுதான். மொறுமொறுப்பு ஒன்று, புளிப்பு ஒன்று, பச்சையாக ஏதாவது ஒன்று, இதில் இரண்டைச் சேர்த்தாலே புதிதாகிவிடும்.

வறுத்த சோற்றுக்குக் குளிர்ந்த விறைத்த சோறுதான் சரி, சூடான சோறு குழைந்துவிடும். கட்டிகளை வாணலிக்குள் போட்டு இடிக்காமல், முன்பே ஈரக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். வாணலி நன்றாகக் காயவேண்டும். முட்டை, வெங்காயம் என்று எது சேர்த்தாலும் அதை முதலில் வதக்கித் தனியாக எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டுச் சோற்றைப் பரப்பி ஒரு நிமிடம் தொடாதீர்கள். முதலில் ஈரம் போகும் ‘உஸ்’ சத்தம் கேட்கும், அது அடங்கிப் படபடவென்று பொரியத் தொடங்கும், சில பருக்கைகள் துள்ளும். அப்போது புரட்டுங்கள். எல்லோரும் அவசரப்பட்டுக் கிளறிக்கொண்டே இருப்பதால்தான் வீட்டு வறுத்த சோறு நொசநொசவென்று ஆகிறது.

அவித்த உருளைக்கிழங்கு குளிர்ந்த பிறகு மசித்துத் தட்டினால் உதிராமல் பிடிக்கும், இருபுறமும் சிவக்கச் சுட்டு எடுங்கள். வெந்த பருப்பில் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்தால் சூப், வற்ற விட்டால் ரொட்டிக்குத் தடவ ஒரு விழுது. மிஞ்சிய காய்களை அப்படியே ஆம்லெட்டில் போடலாம், ஆனால் முதலில் வாணலியில் ஈரம் போகப் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் முட்டை நீர்விடும். காய்ந்த ரொட்டியைப் பாலும் முட்டையும் கலந்து ஊறவைத்துச் சுடலாம், இல்லை தூளாக்கி வைத்துக்கொள்ளலாம். எலும்பு இருந்தால் ஃப்ரீசரில் சேர்த்து வைத்து ஒரு நாள் சாறு காய்ச்சுங்கள்.

மறுபடி வற்றும்போது உப்பு கூடிவிடும், அதனால் உப்பைக் கடைசியில் பாருங்கள். கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, தண்ணீரையும் சேர்த்தேதான் உறிஞ்சும், மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். தண்ணீரோ உப்பில்லாத பருப்போ சேர்த்து நீர்க்க வைப்பதுதான் வழி.

எப்போது தூக்கிப் போடுவது

ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோறு, தேதி தெரியாத டப்பா, பூஞ்சை பிடித்த மெத்தென்ற உணவு, மூன்றையும் யோசிக்காமல் போடுங்கள். பூஞ்சையை மட்டும் சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள், அதன் வேர் உள்ளே இறங்கியிருக்கும். வீணாக்குகிறோமே என்ற உறுத்தல் நியாயமானதுதான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆனால் அதைக் குறைக்கும் வழி சந்தேகமானதைச் சாப்பிடுவது இல்லை. எதை அடிக்கடி கொட்டுகிறீர்கள் என்று கவனித்து, அடுத்த முறை அதைக் கால்வாசி குறைத்து வைப்பதுதான்.

மின்சாரம் போனால்? கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஊருக்குப் போகும்போது நடுவில் எவ்வளவு நேரம் மின்சாரம் போனது என்று தெரியாது, அதற்கு ஒரு வழி: ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஃப்ரீசரில் இருந்த சமைத்த சாப்பாடு எதையும் எடுக்காதீர்கள்.